கிரில் மெஷின் வேலை செய்யவில்லையா? மலைநாட்டுக் குசினிக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஹட்டன் பக்கம் மே மாதத்தில் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. அந்த மாதங்களில் என் வேலை மேசைக்கு வரும் கிரில் மெஷின்களும் கூடிவிடும். கொண்டு வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, பிளக்கைச் செருகினதும் வீடு முழுக்கக் கரண்ட் போகுது. மெஷின் செத்துப்போச்சு போல." அப்படி வந்தவற்றில் பலவற்றில் நான் ஓர் ஆணியைக்கூடக் கழற்றியதில்லை. காய வைத்தேன், சோதித்தேன், திருப்பிக் கொடுத்தேன். இவ்வளவையும் வீட்டிலேயே செய்திருக்கலாம். மழையில் நனைந்துகொண்டு பஸ் ஏறி வந்திருக்கத் தேவையில்லை.

மேலும் கீழும் தட்டு வைத்து மூடிச் சுடுகிற மெஷினை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒற்றைத் தட்டு மெஷினுக்கும் அநேகமாக எல்லாமே பொருந்தும். உங்கள் மெஷினில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அதற்கு முன் எல்லாத் தலைப்புக்கும் பொதுவான ஒரு விடயம்: கை வைக்கும் முன் பிளக்கையே கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய லயக்காம்பராக்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வயர் மாறிக் கிடப்பதால், சுவிட்சை அணைத்த பிறகும் மெஷினுக்குள் கரண்ட் நிற்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கழற்றியபின் அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

அறிகுறி: பிளக்கைச் செருகியதும் ட்ரிப் அடிக்கிறது

முதலில் எது விழுகிறது என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். 'டெஸ்ட்' என்று சின்னப் பொத்தான் உள்ள பெரிய சுவிட்ச் விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. வரிசையாக இருக்கும் சின்ன பிரேக்கர்களில் ஒன்று மட்டும் விழுந்தால் அந்த வயரில் சுமை கூடிவிட்டது, அல்லது எங்கோ ஷோர்ட். இரண்டுக்கும் வழி வேறு.

*சின்ன பிரேக்கர் விழுந்தால்:* அதே வயரில் கேத்தலோ ரைஸ் குக்கரோ ஹீட்டரோ ஓடுகிறதா? 2000 வாட் கிரில் ஒன்று மட்டுமே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். கேத்தலும் அவ்வளவே இழுக்கும். கேத்தலை அணைத்துவிட்டு கிரிலை மட்டும் போடுங்கள். பிரேக்கர் விழாமல் நின்றால் மெஷினில் குறையில்லை. தனியாகப் போட்டும் உடனே விழுந்தால் உள்ளே ஷோர்ட். அதை வீட்டில் தேட வேண்டாம், கடைக்குக் கொண்டு போங்கள்.

*பெரிய ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்:* கிரிலைக் கழற்றிவிட்டு ட்ரிப்பைத் தூக்குங்கள். அதே பிளக் பேஸில் அயன் பொக்ஸைச் செருகிப் பாருங்கள். அதற்கும் விழுந்தால் குறை வீட்டு வயரிங்கில். வயர்மேனைக் கூப்பிடுங்கள், மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அயனுக்கு நின்று கிரிலுக்கு மட்டும் விழுந்தால் மெஷினில்தான் கசிவு.

மெஷினில் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி: செருகிய உடனே விழுகிறதா, ஐந்து பத்து நிமிடம் கழித்து விழுகிறதா?

உடனே விழுந்தால், அதுவும் மெஷினை இரண்டு மூன்று வாரமாகத் தொடாமல் வைத்திருந்தால், முதல் சந்தேகம் ஈரம்தான். தட்டைச் சூடாக்கும் கம்பிச் சுருளைத்தான் கோயில் என்கிறோம். அதற்குள் வயரைச் சுற்றி ஒரு வெள்ளைத் தூள் அடைத்திருக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை அது மெல்ல உறிஞ்சும். உப்புப் போத்தல் கட்டிபிடிக்கிற குசினியில் அந்தத் தூள் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? பழுது என்று சொல்வதைவிட நம் ஊர்க் காற்று என்று சொல்லலாம்.

செய்ய வேண்டியது இது. மெஷினை நன்றாகத் துடையுங்கள். கழற்றக்கூடிய தட்டுகளைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்தபடி, விறகடுப்பு இருந்தால் அதிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, கை வைத்தால் இளஞ்சூடு தெரிகிற இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். வெயில் அடித்தால் வெயிலில் வைத்து, மூன்று மணிக்குப் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். அடுப்பின் மேல் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் உருகும். தலை காய வைக்கும் டிரையரால் வெளி ஈரம்தான் போகும், கோயிலுக்குள் சூடு போய்ச் சேராது. அரிசி மூட்டைக்குள் புதைத்தும் பயனில்லை.

இரண்டு நாள் கழித்துச் செருகுங்கள். ட்ரிப் நின்றால் உடனே சமைக்க வேண்டாம். மூடியைத் திறந்து வைத்து, மிகக் குறைந்த சூட்டில் பத்து நிமிடம், பிறகு முழுச் சூட்டில் இருபது நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கிற ஈரத்தை அந்தச் சூடே விரட்டிவிடும். அதன் பிறகு மழை மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது பத்து நிமிடம் ஓட்டுங்கள். அடுத்த தடவை சமைக்கும்வரை பொலித்தீன் பையில் சுற்றி, குளிர்ந்த சுவரோரம் வைப்பதுதான் மறுபடி ஈரம் ஏறச் சுலபமான வழி.

ஐந்து பத்து நிமிடம் கழித்து விழுந்தால் கதை வேறு. சூடேறியதும் விரிகிற வெடிப்பு ஒன்று கோயிலில் இருக்கலாம், அல்லது கொழுப்பும் தண்ணீரும் வழிந்து வயர் மூட்டுக்குப் போயிருக்கலாம். மெஷினைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டினால் யாரோ கழுவியிருக்கிறார்கள். ஒரு டீச்சர் புத்தம் புதிய மெஷினைக் கொண்டு வந்தார். கீழ்மூடியைக் கழற்றினேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் செப்புக் காலில் பச்சைப் பாசி போலப் பூத்திருந்தது, ஓரத்தில் சவர்க்கார நுரை காய்ந்த வெள்ளைக் கோடு. வீட்டில் உதவிக்கு நின்ற பிள்ளை சுத்தமாக இருக்கட்டும் என்று பேசினில் முக்கிக் கழுவியிருக்கிறது. அந்தப் பிள்ளையில் குற்றமில்லை, யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மெஷின் உடலை ஒருநாளும் தண்ணீரில் முக்காதீர்கள். இளஞ்சூடாக இருக்கும்போது ஈரத்துணியை இரண்டு தட்டுக்கும் இடையில் வைத்து மூடிப் பத்து நிமிடம் விட்டால் அழுக்கு ஊறித் தானாக வரும்.

*எப்போது கடைக்கு:* இரண்டு தடவை காய வைத்தும் ட்ரிப் அடித்தால். 500 வோல்ட் மெகர் (கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் ஆளிடம் கொடுங்கள். கோயிலுக்கும் மெஷின் உடலுக்கும் இடையில் தடை ஒரு மெகாஓம் கூட இல்லையென்றால் நான் அந்த மெஷினை அப்படியே திருப்பிக் கொடுக்க மாட்டேன், கோயிலை மாற்றச் சொல்வேன்.

எர்த் வயரைக் கழற்றிவிட்டால் ட்ரிப் அடிக்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடிக்காதுதான். ஆனால் கசிவு அப்படியே இருக்கும். அது போக வழி தேடிக் காத்திருக்கும்போது, ஈரமான சீமேந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று மூடியைத் தூக்குபவரின் உடம்புதான் அந்த வழி. இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

அறிகுறி: தொட்டால் 'சுருக்'கென்கிறது

இதற்கு வீட்டில் செய்ய ஒரு சோதனையும் இல்லை. கையை எடுங்கள், சுவர் சுவிட்சை அணையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு குறை ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது: மெஷினில் கசிவு, வீட்டில் எர்த் இல்லை. மெஷினை மட்டும் சரி பார்த்துத் திரும்பக் கொண்டு போனால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இரண்டு முள் பிளக்கை எப்படிச் செருகுகிறீர்கள் என்றும் பாருங்கள். மூன்று ஓட்டை பேஸின் மேல் ஓட்டையில் பேனாவை விட்டு அமுக்கி, கீழ் ஓட்டைகளில் இரண்டு முள்ளைத் திணிக்கும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். ரேடியோவுக்கே அது நல்லதல்ல. இரும்புத் தட்டுள்ள கிரிலுக்கு மூன்று முள் பிளக் கட்டாயம். மெஷினிலிருந்து வரும் வயரில் பச்சை மஞ்சள் வயர் இருக்கிறதா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள்.

லயத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயரில் எர்த்தும் இருக்காது, கிரிலின் சுமையும் தாங்காது. வயர்மேனை வைத்து எர்த் கம்பி அடித்து, ட்ரிப் சுவிட்ச் போட்டபின் இந்த மெஷினை வாங்குங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கும் வீட்டில் மாதம் ஒரு தடவை 'டெஸ்ட்' பொத்தானை அமுக்குங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

அறிகுறி: லைட்டும் இல்லை, சூடும் இல்லை

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். பேஸில் கரண்ட் இருக்கிறதா? வேறு சாமான் போட்டுப் பாருங்கள். இருந்தால் பிளக்கைக் கழற்றி ஃபியூஸைப் பாருங்கள். 13 ஆம்பியர் சதுர முள் பிளக்குக்குள் சிறு குழல் போல ஒரு ஃபியூஸ் இருக்கும். கபில நிறமென்றால் 13 ஆம்பியர், சிவப்பென்றால் 3 ஆம்பியர். மேசை லாம்புக்குப் போடுகிற சிவப்பு ஃபியூஸ் கிரிலின் பிளக்கில் இருந்தால் நிற்காது. நன்றாக ஓடுகிற கேத்தல் பிளக்கில் உள்ள ஃபியூஸை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் விரைவான சோதனை. ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் ஈயத்தாளைச் சுற்றிவிட்டு வரும் பிளக்கும் எனக்கு வருகிறது. அதை எடுத்தெறிந்துவிட்டு நல்ல ஃபியூஸ் போடுங்கள்.

ஃபியூஸ் சரி. அப்புறம் வயர். மெஷினுக்குள் நுழையும் இடத்தில்தான் அது மடிந்து மடிந்து அறும். எலி கடித்த இடமும் பாருங்கள். குளிருக்கு எலியும் கரப்பானும் குசினியில் சூடான மூலையைத்தான் தேடி வரும். வயரை ஆட்டும்போது லைட் மினுக்கினால் அதோடு நிறுத்துங்கள், டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். முழு வயரையும் மாற்றுங்கள், சூடு தாங்குகிற வயராகக் கேட்டு வாங்குங்கள்.

வயரும் சரியென்றால் உள்ளே, சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். இங்கிருந்து கடை வேலை. தெர்மல் ஃபியூஸ் ஒரு தடவை போனால் போனதுதான், திரும்ப வராது. விலை குறைந்த பாகம். ஆனால் அதைத் தூக்கிவிட்டு நேரே வயர் முறுக்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த மெஷினில் தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் சூட்டை நிறுத்த வேறு எதுவும் இல்லை. புதியதை ஈயம் உருக்கி ஒட்டினால் ஒட்டுகிற சூட்டிலேயே அது போய்விடும், அமுக்கிப் பிடிக்கும் குழாய் போட்டுத்தான் இணைக்க வேண்டும். கொடுக்கும்போதே "தெர்மல் ஃபியூஸ் போட்டுத் தாருங்கள், நேர் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. பழைய ஜப்பான் சாமான் கடைகளில் அழகான கிரில் மலிவாகக் கிடைக்கும். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் ஐந்து மடங்குக்கு மேல் சூடு இழுக்கும். செருகிய சில நொடியில் முடிந்துவிடும். அதற்கேற்ற ட்ரான்ஸ்ஃபோமர் மெஷினைவிட விலை கூடும். வாங்காமல் விடுவதே லாபம்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது

நிச்சயப்படுத்த ஒரு பாண் துண்டு போதும். மெஷின் நன்றாகச் சூடானதும் துண்டை வைத்து மூடி, மூன்று நிமிடத்தில் எடுத்து இரு பக்கத்தையும் பாருங்கள். கீழ்ப்பக்கம் பொன்னிறமாகி மேல்பக்கம் வெள்ளையாகவே, வெறும் ஆவி பட்டு ஈரமாக இருந்தால் மேல் தட்டு வேலை செய்யவில்லை. இரண்டு பக்கமும் லேசாக நிறம் மாறி, மேல்பக்கம் கொஞ்சம் வெளிறியிருந்தால் பழுது இல்லை. துண்டு மெல்லியது, மேல் தட்டு சரியாக அமரவில்லை.

மேல் தட்டு சாவதற்குப் பெரும்பாலும் காரணம் கோயில் அல்ல, பிணைச்சலைத் தாண்டிப் போகும் வயர். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது மடிகிறது. நம் ஊரில் இன்னொன்றும் சேரும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், நம் குசினியில் அது பெரும்பாலான நாள் உறைந்துதான் கிடக்கிறது. பிணைச்சலில் வழிந்த எண்ணெயும் கொழுப்பும் மெழுகாக இறுகி, காலையில் மூடி திறக்கவே மறுக்கும். பலவந்தமாக இழுத்தால் அந்த வயர்தான் முதலில் அறும். இறுகியிருந்தால் மூடியபடியே இரண்டு நிமிடம் சூடேற்றிவிட்டுத் திறங்கள். ஆறியபின் பிணைச்சலைத் துடைத்துவிடுங்கள்.

வயர் அறுந்திருந்தால் கடையில் மாற்றுவது பெரிய செலவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு: 1500 வாட் மெஷினில் மேல் கீழ் என்று தலா 750 வாட் இருந்தால், ஒவ்வொரு கோயிலும் 70 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கோயில் போய்விட்டது. தட்டோடு வார்த்த கோயிலென்றால் தட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். புதிய மெஷின் விலையில் பாதிக்கு மேல் போனால் விட்டுவிடச் சொல்வேன்.

அறிகுறி: சூடாகிறது, ஆனால் கோழி உள்ளே வேகவில்லை

மெஷினைக் குற்றம் சொல்லும் முன் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் இந்தப் பிரச்சினையா? அதே அளவு கோழியைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்துப் பாருங்கள். அப்போது சரியாக வெந்தால் வோல்டேஜ்தான் குறை. தோட்டத்தில் லைன் முடிகிற இடத்து வீடுகளில் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் மெஷினின் சூடு மூன்றில் இரண்டு பங்குதான். பல்ப் மங்குவதைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். தினமும் அப்படியென்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். டீவிக்கு வைக்கும் சின்ன ஸ்டெபிலைசரில் கிரிலைப் போட்டால் ஸ்டெபிலைசர்தான் எரியும்.

பிற்பகலிலும் வேகாவிட்டால் நீட்டு வயரை எடுத்துவிட்டு நேரே சுவரில் செருகுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் சூட்டில் கொஞ்சத்தை வழியிலேயே தின்றுவிடும், அதுவும் உருகும். 5 ஆம்பியர் உருண்டை முள் பேஸில் அடப்டர் வைத்துப் போடவே கூடாது.

இதுவும் சரியென்றால் கோழியைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே வைத்தீர்களா? எலும்போடு வைத்தீர்களா? எலும்பு மூடியைத் தூக்கிப் பிடிப்பதால் மேல் தட்டு இறைச்சியைத் தொடுவதேயில்லை. எலும்பு நீக்கி, விரல் தடிப்புக்குத் தட்டையாக்கி, தயிரும் மசாலாவும் வழிந்து நிற்காமல் துடைத்து வையுங்கள். மார்கழி, தை மாதம் நுவரெலியாவில் காலை வேளை மெஷினும் குளிர்ந்து கல்லாக இருக்கும். ரெடி லைட் வந்தபின்னும் மூன்று நிமிடம் கூட விட்டு வைத்தால் வித்தியாசம் தெரியும். நடுவில் ஐந்து தடவை திறந்து பார்க்காதீர்கள். இறைச்சி குத்திப் பார்க்கும் தெர்மோமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 74 பாகை காட்ட வேண்டும். இல்லையென்றால் தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு நீர் வந்தால் இன்னும் வேக வேண்டும்.

ரெடி லைட் அணைந்து அணைந்து எரிகிறது என்று பயந்து கொண்டு வருபவர்களும் உண்டு. அது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். சூடு இறங்கும்போது மறுபடி ஏற்றுகிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: பிளக் கொதிக்கிறது, மீன் வாடை வருகிறது

குசினியில் மீன் இல்லாமல் மீன் வாடை வந்தால் பிளக்கோ பேஸோ உருகத் தொடங்கியிருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தபின் பிளக்கைக் கழற்றுங்கள், உருகும் பிளக்கை நேரே கையால் இழுக்காதீர்கள். முள் கறுத்திருந்தால் பிளக்கையும் பேஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் எரித்துவிடும். பேஸ் மாற்றுவது வயர்மேன் வேலை.

அறிகுறி: புகை, ஒட்டுதல்

புது மெஷினின் முதல் இரண்டு தடவைப் புகை தானாகப் போகும். மற்றபடி புகை வந்தால் எண்ணெயைக் குறையுங்கள். ஆட்டிய மணம் மாறாத தேங்காய் எண்ணெய் கிரில் சூட்டுக்கு முன்பே புகைந்துவிடும், இதற்கு சுத்திகரித்த எண்ணெய் நல்லது. கீழே வைக்கும் கொழுப்புத் தட்டை ஒவ்வொரு தடவையும் கழுவுங்கள். சீனி, தக்காளி சோஸ் போட்ட மசாலாவைக் கடைசி இரண்டு நிமிடத்தில் பூசினால் ஒட்டாது. கம்பிச் சுரண்டியும் முள்ளுக்கரண்டியும் தட்டில் படக்கூடாது, மரக்கரண்டி போதும். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்தால் திருத்த வழியில்லை. தட்டு தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள்.

அறிகுறி: இடி மின்னலுக்குப் பிறகு அசைவில்லை

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிக்குப் பிறகு வருகிற மெஷின்கள் இவை. பொத்தானும் எண்ணும் உள்ள டிஜிட்டல் வகைதான் மாட்டிக்கொள்ளும். பிளக் ஃபியூஸ் ஒன்றைப் பாருங்கள். அது சரியென்றால் உள்ளே சர்க்கிட் போர்ட் போயிருக்கும். திருகிச் சூடு வைக்கும் சாதாரண வகை அநேகமாகத் தப்பிவிடும், அதனால்தான் தோட்டப் பக்கம் வாங்குபவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன்.

கடைக்குக் கொண்டு வரும்போது வயரையும் தட்டுகளையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். உடனே ட்ரிப் அடித்ததா, பத்து நிமிடம் கழித்தா, எந்த நேரம், யாராவது கழுவினார்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். எடுத்துப் போகும்போது மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மெஷினை உங்கள் முன்னால் செருகி, அந்தப் பாண் துண்டுச் சோதனையையும் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.